கடைசி பஸ் போன நேரம்

மைதிலிக்குச் செவ்வாய் தோஷம். அதனால்தான் அவள் எம்.எஸ்ஸி. வரைக்கும் படித்தாள். இதைக் கேட்டு யாராவது சிரித்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்; முதலில் கேட்டபோது நானும் சிரித்தவள்தான். நாங்கள் சேலத்துக் கத்தோலிக்கர்கள். எங்கள் வீட்டில் ஜாதகம் பார்க்கிற வழக்கமில்லை. அதற்குப் பதிலாகப் பையன் எப்படி என்று பங்குச் சாமியாரிடம் விசாரிப்பார்கள். அவர் எல்லாப் பையனையும் நல்ல பையன் என்றுதான் சொல்வார்.

அவளுக்கு வெண்ணந்தூர்ப் பக்கம். அப்பா குழந்தைவேலுக்கு மரவள்ளிக் காடும் நாலைந்து மாடும் உண்டு. அவர் கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் என்று யாருமே இல்லை, எனக்கு ஆத்திரமே அதில்தான்.

தோஷம் என்றால் என்ன என்று மைதிலிதான் எனக்கு விளக்கினாள். பிறந்த நேரத்துக்கு லக்கினம் என்று ஒரு ராசி அமையும். அங்கிருந்து எண்ணிக்கொண்டு போனால் சில குறிப்பிட்ட இடங்களில் செவ்வாய் நிற்கக் கூடாது. நின்றால் தோஷம். தோஷமுள்ள பெண்ணைத் தோஷமுள்ள ஆணுக்குத்தான் கொடுக்க வேண்டும். சுத்த ஜாதகக்காரனுக்குக் கொடுத்தால் அவன் உயிருக்கு ஆகாது. அதே போலத் தோஷமில்லாத பெண்ணைத் தோஷக்காரனுக்கும் கொடுக்க மாட்டார்கள். அவர்கள் உறவில் நிலமும் குலமும் பொருந்துகிற பையன்களே குறைவு. அதிலும் தோஷக்காரனைத் தேடினால் ஆண்டுக்கணக்கில் ஆகும்.

"சும்மா ஊட்ல உக்காந்து என்ன பண்றது? வரன் அமையற வரைக்கும் படிக்கட்டும்" என்றார் குழந்தைவேல். அப்படித்தான் பி.எஸ்ஸி. முடிந்தது. வரன் அமையவில்லை. எம்.எஸ்ஸி. சேர்ந்தாள். அவளோடு பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்த இனியாவுக்குத் தோஷம் கிடையாது. அவளைக் கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே குமாரபாளையத்துக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். படிப்பு அத்தோடு நின்றது. இனியா கணக்கில் மைதிலியைவிடக் கெட்டிக்காரி என்று மைதிலியே சொல்வாள்.

நாங்கள் படித்தது ராசிபுரம் பக்கத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரி. கட்டடம் பெரியது, நூலகம் பூட்டியிருக்கும். எம்.எஸ்ஸி. கணக்கில் எங்கள் வகுப்பு முழுக்கப் பெண்கள். பாதிப் பேர் கழுத்தில் கல்யாணப் பேச்சு தொங்கிக்கொண்டிருக்கும். நியூமெரிக்கல் அனாலிசிஸ் எடுத்தவர் மதியழகன் சார். சரியான விடை கிடைக்காத கணக்குகளுக்கு, எண்களை வைத்துப் படிப்படியாக நெருங்கிப் போய்க் கிட்டத்தட்ட ஒரு விடையைப் பிடிப்பதுதான் அந்தப் பாடம். எவ்வளவு கிட்டே வந்திருக்கிறோம், எவ்வளவு தப்பு மிச்சமிருக்கிறது என்பதை அளக்கத் தெரிவதில்தான் அதன் உயிரே இருக்கிறது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. எந்தக் கணக்கு எந்த யூனிட்டில் வரும், எண்ணை மட்டும் மாற்றி எப்படிக் கேட்பார்கள், கால்குலேட்டரில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்பதோடு பாடம் முடிந்துவிடும். தப்பை அளக்கிற பகுதி தேர்வில் இரண்டு மதிப்பெண்தான் என்பதால் சார் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

அப்படித் தாண்டிய ஒரு பக்கத்தில்தான் மைதிலி நின்றுவிட்டாள். பார்க்க எட்டாம் வகுப்புக் கணக்கு மாதிரி இருந்தது. இரண்டே சமன்பாடுகள். x-உம் y-உம் கூட்டினால் 2. x-உம் 1.001 மடங்கு y-உம் கூட்டினால் அதுவும் 2. விடை, x இரண்டு, y பூஜ்யம். இப்போது இரண்டாவது சமன்பாட்டில் உள்ள 2-ஐ 2.001 என்று மாற்றிப் போட்டால் x ஒன்று, y ஒன்று. மயிரிழை மாற்றம்தான், விடை தலைகீழாகிவிட்டது. இதற்கு இல்-கண்டிஷன்டு என்று பெயர்.

"இது எக்ஸாமுக்கு வராது. அடுத்த பக்கம் போங்கம்மா" என்றார் சார்.

நாங்கள் போய்விட்டோம், அவள் போகவில்லை. கல்லூரி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து கால்குலேட்டரில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தாள். என்னை அவள் அக்சி என்றுதான் கூப்பிடுவாள்.

"இங்க பாரு அக்சி, போட்டவ மேல தப்பே இல்ல. போட்ட முறையிலயும் தப்பில்ல. கணக்கோட கொணமே அப்படி."

"அப்போ எதுதான் விடை?"

"உள்ள போடற எண்ணு அத்தனை சுத்தமா நம்மகிட்ட இல்லீன்னா, தெரியாதுங்கறதுதான் விடை."

தெரியாது என்பதும் ஒரு விடை என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. தேர்வில் அப்படி எழுதினால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். முட்டை என்று சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு எந்தப் பாடத்தின் மீதும் அப்படி ஆசை வந்ததில்லை.

அதன் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. பூட்டியிருந்த நூலகத்தைச் சாவி கேட்டுத் திறக்க வைத்தாள். தேசிய அளவில் ஒரு தகுதித் தேர்வு எழுதினாள், எங்கள் கல்லூரியில் யாருமே அதுவரை தேறாத தேர்வு. தேறினாள். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதே துறையில் பிஎச்.டி. செய்ய உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. எதைப் பற்றி ஆராய்ச்சி என்று கேட்டதற்கு, "சார் தாண்டுன அந்தப் பக்கத்தப் பத்தித்தான்" என்றாள். கல்லூரி வாசலில் அவள் படத்தைப் போட்டு பிளெக்ஸ் வைத்தார்கள். அதில் மதியழகன் சாரின் படம் அவள் படத்தைவிடப் பெரியது.

குழந்தைவேல் மறுக்கவில்லை. "வரன் அமையற வரைக்கும்" என்ற பழைய வாக்கியத்தையே திரும்பவும் சொன்னார். அவளுக்கு அது போதும். அமையாது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

சென்னைக்குப் போக மூன்று மாதம் இருக்கும்போது அமைந்தது. பையன் பெயர் கதிர், ஊர் திருச்செங்கோடு. வடக்கே ரிக் வண்டி வைத்துப் போர்வெல் போடுகிறவர். வயது முப்பத்தாறு. இத்தனை வருஷம் அவருக்கும் செவ்வாய்தான் தடையாக இருந்திருக்கிறது. தோஷத்துக்குத் தோஷம் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று வெண்ணந்தூர் ஜோசியர் சொல்லிவிட்டார். அவளைவிடப் பதிமூன்று வயது பெரியவர் என்பது யாருக்கும் ஒரு பொருட்டாகப் படவில்லை.

"மாட்டேன்னு சொல்லித் தொலையேன்டி" என்று போனில் கத்தினேன்.

"எங்கப்பாகூடச் சண்டை போட எனக்குத் தெரியாது அக்சி. கணக்குத்தான் போடத் தெரியும்" என்றாள். அழுதிருந்தாள், குரலில் தெரிந்தது.

கணக்குதான் போட்டாள். அவள் ஜாதகத்தில் பிறந்த நேரம் இரவு ஒன்பது இருபத்தைந்து என்று இருந்தது. இந்த நேரத்தை யார் பார்த்தது என்று அப்பாவிடம் கேட்டாள். குழந்தைவேல் பெருமையாகவே சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வெளியே ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாராம். ராசிபுரம் போகிற கடைசி பஸ் தாண்டிப் போனதாம். உடனே உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டதாம். அந்த பஸ்ஸுக்கு அந்த ஸ்டாப்பில் ஒன்பது இருபத்தைந்துதான் டைமிங்.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களைப் பார்த்தால் தெரியாது. ஒரு பஸ் தன் நேரத்துக்கு மேல் ஸ்டாப்பில் நின்று ஆள் ஏற்றினால், பின்னால் வருகிற பஸ்காரன் இறங்கி வந்து கண்டக்டர் சட்டையைப் பிடிப்பான். அதனால் நேரம் தப்பாது. ஊரில் கடிகாரத்தைவிட பஸ்ஸைத்தான் நம்புவார்கள். குழந்தைவேலும் கையில் கடிகாரம் கட்டியிருந்தார். அதைப் பார்க்கவே இல்லை. பஸ் போயிற்று, நேரம் தெரிந்தது, அவ்வளவுதான்.

மைதிலி ஒன்றுதான் கேட்டாள். "மத்த பஸ்ஸுக்குப் பின்னால வாரவன் சட்டையப் புடிப்பான். கடைசி பஸ்ஸுக்குப் பின்னால யாருங்கப்பா வாரது?"

அவள் போனில் ஜாதகம் கணிக்கிற செயலியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். ஒன்பது இருபத்தைந்து என்று போட்டால் மிதுன லக்கினம். செவ்வாய் நாலாம் இடத்தில் கன்னியில் நிற்கிறது, தோஷம். ஒன்பது முப்பது என்று போட்டால் லக்கினம் கடகத்துக்கு நகர்ந்துவிடுகிறது. அதே செவ்வாய் அதே கன்னியில் நின்றாலும் அது மூன்றாம் இடமாகிவிடுகிறது, தோஷமே இல்லை. மிதுனம் முடிகிற ஓரத்தில் அவள் பிறந்திருக்கிறாள். கடைசி பஸ் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்திருந்தால் அவள் வேறு பெண்.

"அன்னைக்குக் கார்த்திகை மழைங்க. பஸ்ஸு லேட்டாத்தான் வந்திருக்கோணும்" என்றார் அவள் அம்மா, இருபத்துமூன்று வருஷம் கழித்து.

ஜோசியரை அழைத்து வந்தார்கள். அவரும் பழைய நோட்டைப் புரட்டாமல், "அப்படியும் எடுத்துக்கலாமுங்க" என்றார். தோஷமில்லாத பெண்ணைக் கதிருக்குக் கொடுத்தால் பெண்ணின் உயிருக்கு ஆகாது. குழந்தைவேல் அன்று மாலையே திருச்செங்கோட்டுக்குப் போன் போட்டு, கும்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு மைதிலி எனக்குப் போன் செய்து பேசியதை நான் மறக்க மாட்டேன். வார்த்தைக்கு வார்த்தை சிரித்தாள். "எக்ஸாமுக்கு வராதுன்னாரில்ல சார்? வந்திருச்சு பாரு" என்றாள். சென்னைக்குக் கொண்டுபோக ஒரு பெட்டி வாங்க வேண்டும், சேலத்தில் எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமை வா, சேர்ந்து போய் வாங்கலாம் என்றேன்.

அந்த ஞாயிறு அவள் வரவில்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள்.

இத்தனை காலம் மகளுக்குத் தோஷம் என்று தலை குனிந்து நடந்த மனிதர் குழந்தைவேல். இப்போது அவர் கையில் சுத்த ஜாதகம். ஜோசியர் புதிதாக எழுதிக் கொடுத்ததில் நேரம் ஒன்பது முப்பத்திரண்டு, கடக லக்கினம், மேலே மஞ்சள். அதைப் படம் எடுத்துக் கல்யாணத் தரகரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். பெண் எம்.எஸ்ஸி., நிறம் மாநிறம், நிலம் உண்டு, தோஷம் இல்லை. வெள்ளம் மாதிரி வந்தது. நாலைந்து வருஷம் ஒருவரும் எட்டிப் பார்க்காத வாசலில் ஒரே வாரத்தில் மூன்று கார் நின்றது. அதில் மூன்றாவது கார் வளவனுடையது. ஜேடர்பாளையம் பக்கம், முட்டை வியாபாரம், இருபத்தேழு வயது, சிரித்த முகம். பத்துக்கு எட்டுப் பொருத்தம். குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஒன்றாவது இருந்திருக்கக் கூடாதா என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மைதிலி அப்பாவிடம் பேசிப் பார்த்தாள். பேசியதை என்னிடம் அப்படியே சொன்னாள்.

"தோஷம் இல்லீன்னு நான் சொல்லலீங்கப்பா. இருக்குதா இல்லையான்னு தெரியாதுன்னுதான் சொன்னேன். நேரம் சுத்தமாத் தெரியாட்டி ஜாதகத்துல எதையுமே சொல்ல முடியாது. அதத்தான் காட்டினேன்."

"நீதான் சாமி கணக்குப் போட்டுக் காட்டுனே. கண்ணால பாத்தனே? கடகத்துல இருக்குதில்ல?"

"ஒன்பது முப்பதுன்னு போட்டா கடகம். முப்பதுன்னு யாருக்குத் தெரியும்?"

"உங்கம்மா சொல்றாளே, மழைன்னு."

அதற்கு மேல் அவளால் நகர முடியவில்லை. பிஎச்.டி. இடம் காத்திருக்காது என்றாள். வரன் அமைகிற வரைக்கும் என்றுதானே பேச்சு, அமைந்துவிட்டதே என்றார் அவர். சொன்ன சொல்லில் அவர் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. வளவனும் பெருந்தன்மையாகவே, "படிப்புதானுங்க, எங்க போயிருது? கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னார். இந்த அப்புறம் என்ற சொல்லை யார் கண்டுபிடித்தது என்று தெரியவில்லை. என் கையில் கிடைத்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன்.

நான் வெண்ணந்தூருக்கு நேரில் போனேன். மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்று பேசினோம்.

"செவ்வாய் உனக்குக் கவசமா இருந்திருக்குடி. அதை நீயே கழட்டிக் குடுத்துட்டியே" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் வாயில் வந்துவிட்டது.

"உள்ள போடற எண்ணத்தான் நான் யோசிச்சேன் அக்சி. வெளிய வார விடைய யாரு எதுக்குப் பயன்படுத்துவாங்கன்னு எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல" என்றாள். அவள் அன்று அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சென்னையில் சேர வேண்டிய வாரத்தில் நிச்சயதார்த்தம் நடந்தது. கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். மண்டபத்தில் மதியழகன் சார் மொய் எழுதிவிட்டு முதல் பந்தியிலேயே சாப்பிட்டார். "நல்ல இடம்மா, அதிர்ஷ்டசாலி" என்று என்னிடம் சொன்னார். நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் சேலத்தில் ஒரு வங்கித் தேர்வுப் பயிற்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்தால் எப்போது தாண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறேன். மைதிலி எப்போதாவது போன் செய்வாள். பண்ணை, முட்டை விலை, மாமியாரின் முழங்கால் என்று பேச்சு போகும். படிப்பைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நானும் கேட்கமாட்டேன்.

போன மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் பிரசவம் என்பதால் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பார்க்கப் போனேன். பஸ் ஸ்டாப்பில் குழந்தைவேலே வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது. குழந்தைக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன்.

"ஒடம்பெல்லாம் நல்லா இருக்குதுங்க சாமி" என்றார். "ஜாதகம் எழுதிப் பாத்தோம். பேத்திக்கு எட்டுல செவ்வாய். அதுதான் மனசே சரியில்லீங்க. சம்பந்தி ஊட்டுலயும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டாங்க."

"நேரம் சரியாப் பாத்தீங்களா?" என்றேன். குத்தலாகத்தான் கேட்டேன். அவருக்கு அது உறைக்கவில்லை.

"அதுலெல்லாம் தப்பே இல்லீங்க. நர்ஸம்மா டூட்டி மாறி அப்பத்தான் வந்தவிய, அவியளுக்குத் தெரியல. மைதிலிதான் எதுத்தாப்புல சுவத்துக் கடியாரத்தப் பாத்துச் சொன்னா. கணக்குப் படிச்ச புள்ள, நிமிஷம் தப்புமுங்களா?" பெருமூச்சு விட்டார். "என்ன பண்றது. சீக்கிரம் அமையாது. அவங்கம்மா மாதிரியே படிக்க வெச்சுற வேண்டியதுதான்."

வீட்டுக்குள் மைதிலி குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அவள் அம்மா எனக்குக் காப்பி போட அடுப்படிக்குப் போனார்.

"உன் பொண்ணுக்கும் செவ்வாயாமே" என்றேன்.

அவள் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "இல்ல" என்றாள்.

"என்ன இல்ல?"

"இவ சுத்த ஜாதகம். நான்தான் கால் மணி நேரம் தள்ளிச் சொன்னேன். பத்து நாளா போன்ல பாத்துட்டே இருந்தேன், எந்த நேரத்துல பொறந்தா செவ்வாய் எங்க விழுகுமுன்னு. அடுத்த லக்கினத்துலதான் தோஷம். அது தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கறப்பவே பொறந்துட்டா." குழந்தையின் தலையைத் தடவினாள். "அப்பா வந்து மணி பாத்தியா சாமின்னு கேட்டாரு. சொன்னேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளைக்குத் தோஷம் சூட்டிவிட்டு ஒருத்தி நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள். எவ்வளவு பெரிய படிப்பு, அது கடைசியில் இதற்குத்தான் பயன்பட்டது. அவளைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன சொல்லித் திட்டுவது? இதைவிட நல்ல வழி என்று அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

"நாளைக்கு இவளுக்கும் ஒரு முப்பத்தாறு வயசுக்காரன் வந்தா?"

"அப்போ உண்மையான நேரத்த எடுத்துக் குடுத்தாப் போச்சு."

"சுத்த ஜாதகம்னு தெரிஞ்சா மத்தவங்க வருவாங்களே."

"அதுக்குள்ள படிச்சு முடிச்சிருப்பா" என்றாள். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டு, குழந்தை பிறந்த உண்மையான நேரத்தைக் காதோடு சொன்னாள். "எழுதி வெக்காத. ஞாபகத்துல வெச்சுக்க. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீதான் சொல்லோணும். ஆனா படிப்பு முடிஞ்சுருச்சான்னு கேட்டுட்டுச் சொல்லு."

அவள் அம்மா காப்பியோடு வந்து, "பாவமுங்க, பொறந்த நேரம் அப்படி" என்று குழந்தையைப் பார்த்துச் சொன்னார். மைதிலி தலையை நிமிர்த்தவில்லை. நான் ஆமாம் என்று சொல்லிக் காப்பியைக் குடித்தேன்.